கீபோர்டை யாரும் கேட்கவில்லை: ஒரு ஜாம் பேண்டுக்குத் திறந்த மடல்

இசைக்குழு நண்பர்களுக்கு,

வணக்கம். முன்திட்டமில்லாமல், மேடையிலேயே மனோதர்மமாகப் பாட்டை வளர்த்து வாசிப்பதுதான் உங்களைப் போன்ற ஜாம் பேண்டுகளின் வழி. சென்ற கச்சேரியின் இரண்டாம் பகுதியில் ஒரே பாட்டை அரை மணி நேரத்துக்கு நீட்டினீர்கள். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. எனக்கோ அலுப்புத் தட்டியது. உங்கள் வாசிப்பில் மதிப்புள்ளவன் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டின் கட்டமைப்பை உதறிவிட்டு ஒரே கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே ஸ்வரக் கூட்டில், சுழன்றுகொண்டிருந்த நேரம் அது. கீபோர்டு கலைஞர் இடது கையில் சட்டென்று சோகச் சாயலுள்ள மைனர் ஸ்கேலுக்குச் சாய்ந்தார். தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிதார் கலைஞர் ஒரு ஸ்வரம் இறங்கியிருந்தால் போதும், பாட்டின் முகமே மாறியிருக்கும். அவர் ஆதார ஸ்வரத்தை விட்டு அசையவில்லை. கிதார் பழைய, பிரகாசமான மேஜர் ஸ்கேலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சில சுற்றுகள் கீபோர்டும் கிதாரும் ஒன்றோடொன்று உரசின. கடைசியில் கீபோர்டுதான் விட்டுக்கொடுத்தது. பிறகு வழக்கமான சடங்கு: கிதார் மேல் ஸ்தாயிக்கு ஏறியது, டிரம்ஸ் உருண்டது, விளக்குகள் வெளுத்தன, கூட்டம் கத்தியது. அந்த உச்சத்தை எந்தப் பாட்டின் வாலிலும் ஒட்டலாம். நீங்களும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீளத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஜாம் பேண்டுகளின் முன்னோடியான அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1969-இல் வெளியிட்ட நேரடிப் பதிவில் ‘டார்க் ஸ்டார்’ என்ற பாட்டு இருபது நிமிடங்களைத் தாண்டுகிறது. அதில் ஃபில் லெஷின் பேஸை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். அது கிதாருக்குக் கீழே அடங்கிக் கிடப்பதில்லை. கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவுக்குப் பதில் சொல்கிறது, குறுக்கிடுகிறது, சில இடங்களில் அவரை இழுத்துக்கொண்டே போகிறது. உங்கள் மேடையில் நடந்ததோ ஒரு கிதார் தனி வாசிப்பு, மற்றவர்கள் பக்கவாத்தியம்.

ஒத்திகை பார்த்தால் மனோதர்மம் செத்துவிடும் என்பார்கள். ஆனால் ஃபிஷ் என்ற அமெரிக்க ஜாம் பேண்டு, சேர்ந்து மனோதர்மம் வாசிப்பதற்கென்றே ஒரு பயிற்சி வைத்திருந்தது. ஒருவர் சிறு இசைத் துணுக்கு ஒன்றைத் தொடங்குவார். மற்ற மூவரும் அதற்குப் பொருந்தும் ஒன்றைத் தேடிப் பிடிப்பார்கள். எல்லோரும் தேடி முடித்து ஓரிடத்தில் நிலைகொண்டுவிட்டார்கள் என்று காதில் பட்டதும் ஒவ்வொருவரும் ‘ஹே’ என்பார்கள். பிறகு அடுத்தவர் புதிதாகத் தொடங்குவார். தன் கருவியைவிடப் பிறர் கருவியைக் கவனித்தால்தான் அந்தச் சொல் வாயில் வரும். அன்று உங்களில் யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

ஒருவேளை பேஸ் கலைஞரின் மானிட்டரில், அதாவது மேடையில் அவர் கேட்பதற்கான ஒலிபெருக்கியில், கீபோர்டே கேட்கவில்லையோ? அப்படியானால் ஒலிப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீரும் விஷயம். ஆனால் முதல் பகுதியில், கிதார் முற்றிலும் ஓய்ந்த ஒரு சிறிய பாட்டில், அதே இருவரும் ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டு அழகாக வாசித்தார்கள். அதற்குக் கைதட்டல் குறைவுதான். நிமிடக் கணக்கை மார்தட்டிச் சொல்லும் ரசிகர்களுக்கு அது ஒரு பொருட்டாகவும் படாது. அவர்களுக்காகவா வாசிக்கிறீர்கள்?

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாட்டு கட்டவிழும்போது கிதார் கலைஞர் சிறிது நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். யார் புதிதாக ஒரு ஸ்வரம் வைத்தாலும் மற்றவர்கள் ஒரு சுற்றாவது அதோடு போய்ப் பாருங்கள். வழி தவறினாலும் பரவாயில்லை. அந்தத் தடுமாற்றத்தைக் கேட்கத்தான் என்னைப் போன்றவர்கள் வருகிறோம். அடுத்த கச்சேரிக்கும் டிக்கெட் வாங்கியாயிற்று. இம்முறை கீபோர்டு பக்கமாக நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்