போர்மாச் சூட்டில் காய்ந்த நட்சத்திரங்கள்

அன்புள்ள எல்லோருக்கும்,

கிறிஸ்துமஸ் மரமாக வைத்த சவுக்குக் கிளை பழுத்துக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. இன்று காலையில்தான் அலங்காரங்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். உப்பு மாவில் மொத்தம் 140 செய்தோம், உடையாமல் மிஞ்சியவை 126. களியக்காவிளைப் பக்கத்து மழைக்கு இது பெரிய விஷயம். பெயர் போட்டால் உங்களில் பாதிப் பேர் கோபித்துக்கொள்வீர்கள். அதனால் ஆளைச் சொல்லாமல் செய்த உதவியை மட்டும் எழுதுகிறேன்.

"இந்த வருஷம் பிளாஸ்டிக் உருண்டை வாங்க வேண்டாம், மைதாவும் உப்பும் தண்ணீரும் போதும்" என்று சண்டே ஸ்கூல் பிள்ளைகளிடம் வாய்ச்சவடால் விட்டது நான்தான். கணக்கு சுலபம். 2 கப் மைதா, 1 கப் உப்பு, ஏறக்குறைய 1 கப் தண்ணீர். சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து, கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தேய்த்து, டப்பா மூடியால் வெட்டி, நூல் கோக்க ஒரு ஓட்டை போட்டுக் காயவைக்க வேண்டும். காயவைப்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் உப்பு. வீட்டில் இருந்த கல்லுப்பை அப்படியே போட்டுப் பிசைந்தேன். நட்சத்திரம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி. எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உப்பை வாங்கிக்கொண்டு போய், மிக்ஸியில் நைசாகப் பொடித்துக் கொண்டுவந்தார். அதில் மிக்ஸி பிளேடு மழுங்கிப்போனதை அவர் இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை. அவர் மகள் சொல்லித்தான் தெரியும். மாமி, புது பிளேடு என் பொறுப்பு.

அப்புறம் மழை. காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ளும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இரண்டு நாள் ஃபேனுக்குக் கீழே வைத்த பிறகும் நட்சத்திரங்கள் கொழுக்கட்டை மாதிரி பிசுபிசுவென்று கிடக்கும் என்று நினைக்கவில்லை. பொறுமை போய், நாலைந்தைத் தோசைக்கல்லில் போட்டுத் தீயைக் கூட்டினேன். உள்ளே இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் ஆவியாகி, பூரி போல உப்பி வெடித்தன. இதற்கு வேண்டியது குறைந்த சூடு, நிறைய நேரம். ஓவன் இருப்பவர்கள் 120 டிகிரிக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று மணி நேரம் வைப்பார்கள். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஓவன் இல்லை.

இங்கேதான் எல்லைக்கு அந்தப்புறம், கேரளத்துப் பாறசாலைப் பக்கத்து பேக்கரி அண்ணன் வருகிறார். அவருடையது விறகுப் போர்மா, அதாவது ரொட்டி சுடும் செங்கல் அடுப்பு. ரொட்டி எடுத்து, கனலை வாரிய பிறகும் செங்கல் சாயங்காலம் வரை சூட்டை விடாது. தட்டோடு போய் நின்றேன். ஒன்றை எடுத்து நுனியைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "சேச்சி, மதுரம் இடான் மறந்நோ?" இனிப்புப் போட மறந்துட்டீங்களா என்று மலையாளத்தில் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, ஒரு சிட்டிகை மைதாவைப் போர்மாத் தரையில் தூவினார். அது சட்டென்று கருகியது. "சூடு கூடுதலா" என்று என்னை ஒரு மணி நேரம் உட்காரவைத்தார், சாயாவும் கொடுத்தார். மறுபடி தூவியபோது மாவு வெள்ளையாகவே கிடந்தது. அப்புறம்தான் தட்டு உள்ளே போனது. இப்படி மூன்று சாயங்காலம். ஓட்டையைச் சுற்றிய இடம் உள்பட எல்லாம் தட்டினால் 'டக்' என்று கேட்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டன. விறகுக்காவது காசு வாங்கச் சொன்னேன், "போயே" என்று விரட்டிவிட்டார். அவர் இல்லாவிட்டால் இந்த மடலே இல்லை.

காய்ந்தால் போதாது என்று சொன்னவர் மரப்பட்டறைப் பாட்டா. உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்து, முன்னும் பின்னும் இரண்டு கோட் வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். ஓட்டைக்குள்ளேயும் தீக்குச்சியால் தடவினார், ஈரம் அது வழியாகத்தான் ஏறுமாம். நான் அவசரத்தில் பாட்டாவுக்குக் கொடுக்காமல் மாட்டிய ஏழு நட்சத்திரங்கள் ஒரே வாரத்தில் தொளதொளத்து விழுந்தன.

வெள்ளை வெளேரென்று இருந்த புறாக்களை நான் செய்தேன் என்று பலர் பாராட்டினார்கள். இல்லை. கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைவேலை அது. 1 கப் சோள மாவு (கடையில் கிடைக்கும் வெள்ளைக் கார்ன்ஃப்ளார்), 2 கப் ஆப்ப சோடா, 1¼ கப் தண்ணீர். சிறுதீயில் கிளறி, மசித்த கிழங்கு பதத்துக்கு வந்ததும் இறக்கி, ஈரத்துணி மூடி ஆறவைத்துப் பிசைந்தாள். என் மைதாப் புறா அதன் பக்கத்தில் கோழி மாதிரி தெரிந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தங்கச்சிக்குத் தனி நன்றி. இவ்வளவு உப்பு நாய் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்து, தாழ மாட்டியிருந்ததையெல்லாம் மேலே ஏற்றவைத்தாள். நம் தெரு நாய்க்கு முந்திரிக்கொத்தோடு திருநாள் போனது அவளால்தான். மீதித் துணியில் நாடா வெட்டித் தந்த தையல் அக்கா, தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்த என்னைக் குலுங்காமல் கொண்டு சேர்த்த ஆட்டோ அண்ணன், உங்களுக்கும் நன்றி.

பேக்கரி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தட்டு இரண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்றின் மூலை நெளிந்துவிட்டது, அது என் தப்புதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கொண்டுவருகிறேன், சாயா போட்டு வையுங்கள்.