ஓவியத்துக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்களில் ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் விளக்க அட்டைகளை எழுதுகிறவர்களுக்கு, வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தில், 18-ஆம் நூற்றாண்டுப் பிரபு குலத்துப் பெண் ஒருவரின் உருவப்படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். வரைந்தவரும் பெண். அட்டையில் ஐந்து வரி. படத்தில் இருப்பவர் யாருடைய மனைவி, யாரோடு பழகினார், எப்படிச் செத்தார் என்பதற்கே நான்கு வரி போய்விட்டது. ஐந்தாவதில்தான் ஓவியரின் பெயர். அவர் என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு சொல் இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் அட்டையைப் படித்துவிட்டு, படத்தைப் பார்க்காமலேயே நகர்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். 1783-ல் எலிசபெத் விஜே லெ ப்ரூன் வரைந்த பிரான்ஸ் அரசி மேரி அன்டோனெட். அரசி என்று சொன்னால்தான் தெரியும். நகை இல்லை, பட்டு இல்லை. மெல்லிய வெள்ளை மஸ்லின் உடை, இடுப்பில் ஒரு துணிப்பட்டை, இறகு வைத்த அகலமான வைக்கோல் தொப்பி. கையில் ரோஜா, அதை நாடாவால் கட்டிக்கொண்டிருக்கிறார். தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு அப்படியே வந்து நின்ற மாதிரி.

அந்த வருடம் பாரிஸில் அரச ஓவியக் கழகம் நடத்திய 'சலோன்' என்ற பொதுக் கண்காட்சியில் இதை மாட்டியதும் ரகளை. அரசி உள்ளாடையோடு நின்று படம் எழுதிக்கொண்டாள் என்று பேசினார்கள். துணி விஷயத்திலும் கோபம் இருந்தது. மஸ்லின் அன்றைக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன துணி. அரசியே அதை உடுத்தினால் பிரான்ஸின் லியோன் நகரத்துப் பட்டு நெசவு என்ன ஆகும் என்ற கேள்வி. படத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாக விஜே லெ ப்ரூன் இன்னொன்று வரைந்தார். அதே ஆள், நிற்கும் விதமும் ஏறக்குறைய அதேதான், கையில் ரோஜா. உடை மட்டும் சாம்பல் கலந்த நீலப் பட்டு, லேஸ், கழுத்தில் முத்து. இது இன்று வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. பலரும் இரண்டாவதை மட்டுமே பார்க்கிறார்கள். முதலாவதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டாவதன் முத்துமாலை வேறு மாதிரி தெரியும், பாருங்கள்.

முந்தைய வருடம், 1782-ல், விஜே லெ ப்ரூன் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப்பில், 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் ரூபன்ஸின் வைக்கோல் தொப்பிப் படத்தைப் பார்த்திருந்தார். நேராக விழும் வெயிலும் சுற்றியுள்ள பகல் வெளிச்சமும் ஒரே முகத்தில் எப்படிச் சேர்கின்றன என்பதுதான் அவரை ஆட்டிவைத்தது. உடனே தன்னையே வைக்கோல் தொப்பியோடு வரைந்து பார்த்தார். அடுத்த வருடம் தொப்பி அரசியின் தலைக்கு வந்தது. ஆக, அவர் கற்ற பாடத்தின் தொடர்ச்சி அது. இதை ஏன் எந்த அட்டையும் எனக்குச் சொல்லவில்லை?

அவரை "அரசியின் ஓவியர்" என்று முடித்துவிடுவதும் வேண்டாம். தகப்பனார் பாஸ்டல் என்னும் வண்ணக்கட்டிகளால் வரையும் ஓவியர், இவருக்குப் பன்னிரண்டு வயதில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு வரைந்துதான் பிழைப்பு. வாழ்நாளில் அறுநூறுக்கு மேல் உருவப்படங்கள். 1788-ல் பாரிஸ் வந்த திப்பு சுல்தானின் தூதர் தர்வேஷ் கானையும் வரைந்திருக்கிறார்.

1783 மே 31-ஆம் தேதி அவரும் அடெலாய்ட் லபீல்-கியார் என்ற இன்னொரு பெண் ஓவியரும் ஒரே நாளில் அரச ஓவியக் கழகத்தில் உறுப்பினரானார்கள். பெண்கள் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது அங்கே வழக்கம். உடம்பை வரையக் கற்றுத்தரும் வகுப்பில் பெண்களுக்கு இடமே இல்லை. விஜே லெ ப்ரூனின் படங்களை மெனாஜோ என்ற ஆண் ஓவியர் வரைந்து கொடுக்கிறார் என்றும், லபீல்-கியாரின் படங்களுக்கு வின்சென்ட் என்ற ஆண் ஓவியர்தான் கை வைக்கிறார் என்றும் ஊரில் வதந்தி. லபீல்-கியாரைப் பற்றி ஆபாசத் துண்டுப்பிரசுரமே வந்தது. பெண் வரைந்த படத்தைப் பார்த்ததும் அவள் படுக்கையறையைப் பற்றிப் பேசும் பழக்கம் அன்றைக்கே இருந்தது. நீங்களும் வரைந்தவரை விட்டுவிட்டு யாரோடு பழகினார் என்றே எழுதினால், அந்தப் பேச்சைத்தான் சுவரில் ஒட்டுகிறீர்கள்.

இடம் கம்மி என்பீர்கள். சரி, அதே ஐந்து வரியில் நானே எழுதிப் பார்த்தேன். எடுத்துக்கொள்ளுங்கள், திருத்தியும் கொள்ளுங்கள்:

"மஸ்லின் உடையில் மேரி அன்டோனெட், 1783. வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ரூன், அப்போது வயது 28. வைக்கோல் தொப்பியின் கீழ் முகத்தில் விழும் வெளிச்சத்தை ரூபன்ஸிடம் கற்று வந்திருந்தார். உடை எளிமையாக இருக்கிறது என்ற எதிர்ப்பால் கண்காட்சியிலிருந்து கழற்றப்பட்டது. அதற்குப் பதில் அவரே வரைந்த பட்டு உடைப் படம் வெர்சாயில் உள்ளது."

இப்படிக்கு,
படம் பார்க்க வரும் ஒருத்தி