செயலாளரின் ஆண்டறிக்கை: நம் ஊர்ப்பெயரும் மூன்று நடைகளும்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இந்தக் குளிரிலும் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கல், கோடை ஒன்றுகூடல், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. பொங்கல் பானை இந்த முறையும் அடிப்பிடித்தது. அதைப் பற்றி விரித்துப் பேச வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த ஆண்டு நம் நேரத்தை விழுங்கியது ஒரே ஒரு கேள்வி. சுவீடனின் மேற்குக் கரையில் நாம் வாழும் இந்தத் துறைமுக நகரின் பெயரைச் சங்கக் குறிப்பேட்டில் தமிழில் எப்படி எழுதுவது? பழைய பக்கங்களில் கோதன்பர்க், கொட்டன்பர்க், கோட்டபோர்க் என்று மூன்று விதமாக இருக்கிறது. ஒரே கூட்டத்தின் குறிப்பில் இரண்டு விதமாக எழுதிய பெருமை என்னுடையது. இங்கே வளரும் பிள்ளைகளோ 'யோத்தெபோரி' என்கிறார்கள், நாம் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சரி, பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று கிளம்பினோம். அது மூன்று நடைகளில் போய் நின்றது.

முதல் நடை காம்லஸ்தாடெனுக்கு. 'பழைய நகரம்' என்று பொருள். ஆனால் 1473இல் அது தொடங்கியபோது பெயர் நியா லோடோசே, அதாவது 'புதிய லோடோசே'. பழைய லோடோசே இங்கே ஓடும் யோத்தா ஆற்றின் மேல்பகுதியில் இருந்தது. அங்கிருந்து கடலுக்கு வர, நோர்வேக்காரர்களின் பூஹுஸ் கோட்டையைத் தாண்டியாக வேண்டும். அந்தத் தொல்லைக்காகத்தான் கோட்டைக்குக் கீழே புதிதாக ஓர் ஊர். புதியது என்று பெயர் வைத்த ஊர் கடைசியில் பழையது ஆகிவிட்டது.

இரண்டாவது நடை ஆற்றின் மறுகரையில், ஹிசிங்கன் தீவிலுள்ள ஃபாரியெனாஸுக்கு. நான் சொன்ன படகுத்துறை தவறு. பாதிப்பேர் வந்து சேர ஒரு மணி நேரம் தாமதம். மன்னிக்கவும். ஆனால் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நம் ஊரின் பெயர் முதலில் வைக்கப்பட்டது இந்தக் கரையில். ஒன்பதாம் கார்ல் மன்னர் டச்சுக்காரர்களைக் குடியேற்றி இங்கே ஒரு நகரம் எழுப்பினார். 1611இல் டென்மார்க் படை அதை எரித்தது. மறு ஆண்டு ஆற்று முகத்திலிருந்த எல்வ்ஸ்போரி கோட்டையும் பறிபோனது. வடக்கே நோர்வே, தெற்கே டென்மார்க், நடுவில் சுவீடனுக்கு மேற்குக் கடலைத் தொட இருந்த ஒரே வாசல் அதுதான். மீட்க 10 லட்சம் வெள்ளி ரிக்ஸ்டாலர் தண்டம். ஊர் ஊராக வரி போட்டு 1619இல் அடைத்து முடித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ஆற்றின் தென்கரையில் அதே பெயரில் மறுபடி நகரம். ஊர் எரிந்தாலும் பெயர் ஆற்றைக் கடந்துவிட்டது.

இந்தப் புது நகரத்துக்கு மன்னர் குஸ்தாவ் அடோல்ஃப் கொடுத்த சாசனத்தின் தேதி 1621 ஜூன் 4. அந்த நாளிலேயே மூன்றாவது நடையைக் குஸ்தாவ் அடோல்ஃப் சதுக்கத்தில் வைத்துக்கொண்டோம். 'நகரம் இங்கே' என்று தரையைக் காட்டி நிற்கும் மன்னர் சிலை இரண்டாவது வார்ப்பு. முதல் சிலையை ஏற்றி வந்த கப்பல் ஹெல்கோலாந்து அருகே சிக்கியது. மீட்டவர்கள் கேட்ட பணத்தைக் கொடுக்க நம் ஊர் மறுத்தது. புதிதாக வார்த்து 1854இல் நிறுத்தினார்கள். பழையது ஜெர்மனியின் பிரேமனுக்குப் போனது. பேரம் பேசுவதில் நம்மவர்களை மிஞ்சிவிட்டார்கள் என்றார் ஓர் உறுப்பினர். பக்கத்திலேயே 'கிழக்குத் துறைமுகத் தெரு' இருக்கிறது, துறைமுகத்தைக் காணோம். டச்சுக்காரர்கள் வெட்டிய கால்வாயைத் தூர்த்துத் தெருவாக்கிவிட்டார்கள், பெயர் மட்டும் மிச்சம்.

அப்புறம், கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய மாளிகை. இப்போது நகர அருங்காட்சியகம். 1731இல் தொடங்கிய சுவீடன் கம்பெனியின் கப்பல் ஒன்று 1733இல் நம் பரங்கிப்பேட்டைக்கே வந்திருக்கிறது. கப்பலின் பெயர் அரசி உல்ரிகா எலியனோரா. கரையில் கிடங்கு போட்டுச் சரக்கு இறக்கியதும், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கைகோத்து வந்து அடித்துப் பறித்துக்கொண்டார்கள். கம்பெனி அதற்குப்பின் சீனத்துக் கான்டன் பக்கமே பெரும்பாலும் போனது. பரங்கிப்பேட்டைக்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, 'புதிய துறைமுகம்'. கடலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் இதைக் கேட்டு, "எங்க ஊருக்கும் ரெண்டு பேரு, இந்த ஊருக்கும் ரெண்டு பேரு" என்றார்.

இனி முடிவு. யோத்தா ஆறு, 'போரி' என்றால் கோட்டை. பெயரின் பொருள் அவ்வளவுதான். கோதன்பர்க் என்பது ஜெர்மன், ஆங்கில வழி வந்த வடிவம், பிழை என்று தள்ள முடியாது. நகராட்சியே 2009இல் வெளிநாட்டவருக்காக, சுவீடிஷ் பெயரில் வரும் 'ö' எழுத்தின் தலையிலிருந்த இரண்டு புள்ளிகளை இறக்கிப் பக்கத்தில் வைத்துச் சின்னம் செய்தது. அவர்களுக்கே குழப்பம் என்றால் நமக்கு எப்படி இருக்காது? என் வாக்கு யோத்தெபோரிக்கு. ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அது விளங்காது என்பது எதிர்த்தரப்பின் வாதம், அதிலும் நியாயம் உண்டு.

தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. அதுவரை யார் மனமும் நோகாதிருக்க, இந்த அறிக்கை முழுவதும் 'நம் ஊர்' என்றே எழுதியிருக்கிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்