ஆறாவது கிளாஸில் ஊற்றியது எது? விஸ்கி சுவைப்பு மாலை பற்றிய முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை கொள்ளுப்பிட்டியில் நீங்கள் நடத்திய ஸ்கொட்ச் விஸ்கி சுவைப்பு மாலைக்கு நானும் என் மச்சானும் வந்திருந்தோம். டிக்கெட் ஒன்று 14,500 ரூபா, இரண்டுக்கும் 29,000. மச்சானுக்கு 50 வயது நிறைந்ததற்கு நான் கொடுத்த பரிசு அது. திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்குக் கோல் எடுத்தபோது "எழுத்தில தாங்கோ" என்றார்கள், அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெவில்ட் கஜுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் கிளாஸ் வருவதற்கு முன்பே மிளகாய்த்தூள் சிவக்கச் சிவக்கப் போட்ட கஜுவை மேசைக்கு ஒரு தட்டு வைத்துவிட்டீர்கள். எனக்கும் பிடித்த சாமான்தான், ஆனால் நாக்கு எரிந்துகொண்டிருக்கும்போது கிளென்கிஞ்சி மாதிரி, ஸ்கொட்லாந்தின் தெற்கே லோலண்ட் பகுதியில் வடித்த மெல்லிய விஸ்கியில் எதைக் கண்டுபிடிப்பது? ஐஸும் கேட்காமலே போட்டு வந்தது. பேச வந்த தம்பி நல்ல குரல்வளம் உள்ளவர், ஆனால் சிங்கிள் மோல்ட் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது என்றார், அது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து வடித்தது, எத்தனை பீப்பாயைக் கலந்தாலும் அது சிங்கிள் மோல்ட்தான். டலிஸ்கர் வடிசாலையையும் ஐலா தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், பாவம், அது ஸ்கை தீவில் இருக்கிறது. சரி, இதெல்லாம் போகட்டும். இதற்காக யாரும் காசைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

என் பிரச்சினை ஆறாவது கிளாஸ். நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பில் ஆறு வகை, ஒவ்வொன்றும் 20 மில்லிலீற்றர், கடைசியாக லகவூலின் 16, அதாவது குறைந்தது 16 வருடம் பீப்பாயில் கிடந்த விஸ்கி, என்று இருந்தது. அதற்காகத்தான் வந்தோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசியில் வைத்ததும் சரியான முறைதான், ஏனென்றால் பீட் என்ற சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் உலர்த்திய பார்லியில் வடித்தது அது, அதை முதலில் குடித்தால் மற்றது எதுவும் நாக்கில் ஏறாது. ஆனால் ஐந்து கிளாஸ் இறங்கியபிறகு யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைப்பதற்கும் அதே இடம்தான் வசதி.

முதல் ஐந்தையும் மேசையில் போத்தலைக் காட்டி ஊற்றினீர்கள். ஆறாவது மட்டும் உள்ளே ஊற்றித் தட்டில் வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், புகை இல்லை. கிளாஸைக் கையால் மூடி ஒரு நிமிடம் சூடாக்கிவிட்டுத் திரும்ப மணந்தேன், அப்போதும் இல்லை. லகவூலின் குடித்தவர்களுக்குத் தெரியும், எங்கள் அம்மா சிரட்டைக்கரி போட்டு அயன் பண்ணும்போது பெட்டியைத் திறந்தால் வருமே ஒரு வாசனை, அதோடு கொஞ்சம் கடற்காற்றும் மருந்து நெடியும் சேர்ந்த மாதிரி, கிளாஸைக் கழுவாமல் வைத்தால் மறுநாள் காலையிலும் சாம்பல் மணக்கும். இதில் இருந்தது தேனும் வனிலாவும். நிறம் மட்டும் அச்சொட்டாக இருந்தது, ஆனால் நிறத்தை நம்ப முடியாது, கருக்கிய சீனியால் நிறம் கூட்ட ஸ்கொட்ச் சட்டமே இடம் கொடுக்கிறது.

என் மூக்கைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், கஜு வேறு தின்றிருந்தேனே. அதனால் எழுந்து முன்னால் காட்சிக்கு வைத்திருந்த லகவூலின் போத்தலைப் போய்ப் பார்த்தேன். மூடியின் சீல் உடைபடவே இல்லை. படம் எடுத்திருக்கிறேன், இதோடு இணைத்திருக்கிறேன், பின்னால் உங்கள் பதாகையும் தெரிகிறது. அப்புறம் தலைகளை எண்ணினேன், 42 பேர். 42 பேருக்கு 20 மில்லிலீற்றர் என்றால் 840, ஒரு போத்தல் 700. குறைந்தது இரண்டு போத்தலாவது உடைத்திருக்க வேண்டும். பரிமாறிய தம்பியிடம் கேட்டேன்.

"மற்றப் போத்தல் உள்ளுக்கு இருக்கு சேர்."

"வெறும் போத்தல் எண்டாலும் பரவாயில்லை, ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோ தம்பி."

"உள்ளுக்குப் பூட்டியாச்சு சேர்."

அதே கதவால் அடுத்த நிமிடம் இன்னொருவர் ஐஸ் வாளியோடு வெளியே வந்தார். அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை, சொல்லச் சொன்னதைச் சொன்னார். திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்தில் பேசியவரோ, "எல்லாருக்கும் பிடிச்சுதே சேர், நீங்கள் மட்டும்தான் சொல்றீங்கள்" என்றுவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்கு 10 வீதம் கழிவு தருவதாகச் சொன்னார். எல்லாருக்கும் பிடித்திருக்கலாம். எனக்கும் பிடிக்காமல் இல்லை, நான் வீட்டில் குடிப்பது பெரும்பாலும் தென்னஞ் சாராயம், கலப்பு விஸ்கியை இளக்காரமாகப் பார்க்கிறவன் இல்லை. லகவூலின் முடிந்துவிட்டது, இது வேறொன்று என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே குடித்திருப்பேன்.

எனக்கு வேண்டியது கழிவு இல்லை. அந்தக் கிளாஸில் ஊற்றியது எந்த விஸ்கி, எங்கே வாங்கியது என்று எழுத்தில் சொல்லுங்கள், எங்கள் வயிற்றுக்குள் போனதன் பெயரைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. 29,000 ரூபாவையும் திருப்பித் தாருங்கள். டிக்கெட்டுகளும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டும் என்னிடம் இருக்கின்றன. 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் படத்தோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன்.

மச்சானிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கந்தோரில் எல்லோரிடமும் லகவூலின் 16 குடித்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார், புகை மணத்தது என்றுகூடச் சொல்கிறாராம். நான் அவரிடம் என்ன சொல்வது என்பதையும் உங்கள் பதிலில் சேர்த்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
11ஆம் மேசையில் இருந்த இருவரில் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 6