மீதி மூணு ஆடு

ஏடி கோமதி,

மூணு மாசமாப் பதில் போடாத பாவி நான்தான். வையிறதா இருந்தா முழுசாப் படிச்சுட்டு வை. வீட்ல எல்லாரும் சௌக்கியம். அம்மா முட்டிவலியோடயே கோயிலுக்குப் போய்ட்டு வருது. ஸ்டீபன் மாதிரி நானும் ஆராய்ச்சியைப் பாதியில விட்டுட்டு ஓடிருவேன்னு பந்தயம் கட்டினியே, அந்தக் காசை எடுத்து வை.

டிரைவர் இல்லாத கார்ல நான் மாசி வீதியைச் சுத்தி வர்றதா ஊர் பூரா சொல்லி வச்சிருக்கியாமே. ரோட்டுல எது என்னன்னு கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்க, வாடகை வண்டிக் கண்ணாடியில ஒரு கேமராவை ஒட்டி, கோரிப்பாளையத்துல ஆரம்பிச்சு ஆண்டிபட்டி கணவாய் வரைக்கும் படம் எடுத்தோம், அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு படத்துலயும் ஓரம் பிடிச்சுக் கோடு இழுத்து, இது மாடு, இது ஆளுன்னு பேர் போடணும். நம்ம மார்கழிக் கோலத்துக்குக்கூட இத்தனை புள்ளி வச்சதில்லடி.

முதல்ல சிட்டிஸ்கேப்ஸ்ங்கற சாலைப் படத் தொகுப்பை வச்சு, எது என்னன்னு அடையாளம் காணப் பழக்கின கம்ப்யூட்டர் மாடலை ஓட்டினோம். ஜெர்மனியிலயும் அக்கம்பக்கத்து நாட்டுலயும் 50 ஊர்ல எடுத்தது. அதோட பட்டியல்ல ஆட்டோவே கிடையாது! நம்ம ஷேர் ஆட்டோவை ஒரு நேரம் கார்ங்குது, ஒரு நேரம் லாரிங்குது. உள்ள இருந்த கூட்டத்துக்குப் பஸ்ஸுன்னே சொல்லியிருக்கலாம். அப்புறம் ஹைதராபாத் ட்ரிபிள் ஐடி 2018ல வெளியிட்ட இந்தியச் சாலைப் படங்களுக்கு மாறினோம். 10,000 படம், 34 வகை, ஆட்டோவுக்குத் தனி இடம். தாருக்கு வெளிய கிடக்குற மண்ணுலயும் வண்டி ஓடும்ங்கறதுக்குக்கூட ஒரு வகை வச்சிருக்காங்க. நம்ம ரோட்டுல அடிபட்டவங்கதான் யோசிச்சிருக்கணும்.

விஷயமே இனிமேதான். போன வாரம் அப்பாவை உக்கார வச்சு உசிலம்பட்டிப் பக்கம் எடுத்த வீடியோவைக் காட்டினேன். ஒரு ஆட்டு மந்தை. பாதி ரோட்டைத் தாண்டிருச்சு, மூணு மட்டும் இங்குட்டு ஓரத்துல நிக்குது. மாடல் ஒவ்வொண்ணுக்கும் அழகாக் கட்டம் போட்டு, ரோட்டைப் பச்சையாத் தீட்டிக் காட்டுது, தாராளமாப் போலாம்னு. நான் பெருமையாத் திரும்புறேன், அப்பா கால் தரையை அமுக்கிக்கிட்டு இருக்கு. அடுத்த நொடி ஒரு ஆடு குறுக்க பாய்ஞ்சிருச்சு.

"பாதி அங்குட்டுப் போயிட்டா மீதி இங்குட்டு நிக்குமா? குட்டியைப் பாக்காத, தாய் எங்க நிக்குதுன்னு பாரு"ன்னாரு. 28 வருசம் தேனி பஸ்ஸு ஓட்டின காலு.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. போன ரெண்டு மூணு நொடி அசைவைப் பாத்து அடுத்து எங்க போகும்னு கணக்குப் போடத்தான் இத்தனை நாளா நான் மல்லுக்கட்டுறேன். நிக்கிற ஆட்டுக்கு ஏதுடி அசைவு? கைடு கிட்ட சொன்னா, "ஆடெல்லாம் எந்த ஜர்னல்லயும் ஏறாதும்மா, சிக்னல் பக்கம் போ"ங்கிறாரு. எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டு நாள் லேப் பக்கமே போகல.

அப்பா இன்னொண்ணும் கேட்டாரு: "இது வந்தா டிரைவர் வேலை போயிருமா?" இந்தக் கணவாய்ல அதெல்லாம் இப்போதைக்கு இல்லப்பான்னு சிரிச்சேன். அவரு சிரிக்கல. "வெரசாக் கத்துக்குடு. கண்ணு சொருகி ஓட்டின ராத்திரியெல்லாம், பக்கத்துல முழிச்சுக்கிட்டு ஒருத்தன் இருந்தாத் தேவலன்னு நெனச்சிருக்கேன்." இத்தனை வருசத்துல அதை வீட்ல ஒரு நாளும் சொன்னதில்ல. நாங்க பாட்டுக்குத் தூங்கியிருக்கோம்.

இப்பத் தினம் சாயங்காலம் அவருக்கு வீடியோவைப் போட்டு விட்டு, எந்த இடத்துல கால் அமுங்குதுன்னு நோட்டுல குறிக்கிறேன். கண் ஆபரேசனுக்கு அப்புறம் அவரு ஸ்டியரிங்கைத் தொடல, காலு மறக்கல.

உன் மாமனார் செல்லம்பட்டியில இன்னும் ஆடு வச்சிருக்காருல்ல? ஒரு ஞாயித்துக்கிழமை மந்தை பின்னாலயே கேமராவோட நடந்துக்கலாமான்னு கேட்டுச் சொல்லு. உன் பல்சர் கதையை அவர் கிட்ட எடுக்க மாட்டேன், சத்தியமா.

தேன்மொழி