பூனைப் படுக்கையில் குஞ்சம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூனைக்கு வீட்டிலேயே படுக்கை தைப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான செய்முறையைப் படித்தேன். கடைக்குப் போகாமல் பழைய துணியைக் கொண்டே செய்துகொள்ளலாம் என்பது நல்ல யோசனைதான். ஆயினும், உள்ளே அடைக்கச் சொன்ன இலவம்பஞ்சும், ஓரத்தில் தொங்கவிடச் சொன்ன கம்பளி நூல் குஞ்சங்களும் பூனைக்கு ஆகாதவை என்பதால் இதை எழுதுகிறேன்.

பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கி வளைந்திருப்பதால், வாயில் சிக்கிய நூலைத் துப்ப இயலாமல் அது விழுங்கிவிடுகிறது. நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கிவிட்டால், குடல் அந்த நூலைச் சுற்றிச் சுருக்குப்பையின் வாயைப் போலச் சுருங்கி, சில வேளைகளில் கிழிந்தும் போகிறது; அதன்பின் அறுவை சிகிச்சையன்றி வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கக் கண்டால் அதைக் கையால் இழுக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆகவே குஞ்சம், நாடா, ஜரிகை, பொத்தான் எதுவும் பூனைப் படுக்கைக்கு வேண்டாம். (அழகு பார்ப்பது நாம்தான், பூனை அல்ல.) டர்க்கி டவலின் நூல் வளையங்களிலும் நகம் மாட்டிக்கொள்ளும் என்பதால், நெருக்கமாக நெய்த வேட்டித் துணியோ பழைய படுக்கை விரிப்போ மேல்.

இலவம்பஞ்சைப் பொறுத்தவரை, அதைத் துவைக்க முடியாது என்பதே சிக்கல். நனைந்தால் கட்டிதட்டிப் போகும். தெள்ளுப்பூச்சிகளில் வளர்ந்தவை மட்டுமே பூனையின் உடலில் இருக்கின்றன. முட்டைகளோ உதிர்ந்து படுக்கையில் விழுந்து, அங்கேயே புழுவாகி, கூடு கட்டி வளர்கின்றன. படுக்கையைத் துவைக்காமல் பூனைக்கு மட்டும் மருந்திட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பூச்சிகள் மீண்டும் மீண்டும் வந்துகொண்டேதான் இருக்கும்.

எனவே ஒரு தலையணை உறைக்குள் பஞ்சுக்குப் பதிலாக இரண்டு, மூன்று பழைய வேட்டிகளை மடித்துச் செருகி, திறந்த பக்கத்தை உட்புறமாக மடித்துவிட்டாலே மெத்தை ஆயிற்று; ஊசி நூலே தேவையில்லை. அதை ஏறத்தாழ 45 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் உள்ள அட்டைப்பெட்டியில், ஸ்டேப்ளர் பின்களையும் ஒட்டுநாடாவையும் பிடுங்கிவிட்டு, முன்பக்கச் சுவரைத் தாழ வெட்டிப் போட்டால், சுவரில் முதுகைச் சாய்த்துச் சுருண்டு படுக்கப் பூனைக்கு வாகாக இருக்கும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் உருவி வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். தன் வாடை முழுவதும் போய்விட்ட படுக்கையைப் பூனை சில நாள் ஒதுக்கிவிடும். தெள்ளுப்பூச்சித் தொல்லை இல்லாத காலத்தில், உள்துணிகளில் ஒன்றை மட்டும் துவைக்காமல் வைத்திருந்து மீண்டும் செருகினால் அந்தப் பிணக்கு வராது.

பீரோவிலிருந்து எடுக்கும் துணியில் அந்துருண்டை வாடை இருந்தால், அது முற்றிலும் நீங்கும்வரை பயன்படுத்தக் கூடாது. அந்துருண்டை பூனைக்கு நஞ்சு. பெட்டி வைக்கும் இடத்தைப் பினாயிலால் துடைப்பதும் தவறு. அத்தகைய கிருமிநாசினிகளில் உள்ள பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கியே தீரும். சித்திரை வெயிலில் எப்படிப்பட்ட மெத்தையையும் விட்டுவிட்டுப் பூனை சிமெண்டுத் தரைக்குத்தான் போகும் என்பதால், அந்த மாதங்களில் பெட்டியில் ஒற்றைத் துணி போதும்.

இனி இத்தகைய செய்முறைகளை வெளியிடும்போது, நூல் பற்றிய எச்சரிக்கையைச் செய்முறையின் முதல் வரியிலேயே சேர்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை