பாப்பாவுக்கு, 1848 பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அத்தை சொல்லித்தான் உன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் திரும்பி வந்தது தெரியும். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

ஐரோப்பாவில் பல இடங்களில் புரட்சி வெடித்த 1848ஐப் பஞ்சத்தில் தொடங்கு, ஆனால் பஞ்சத்தோடு முடித்துவிடாதே. மாதத்தைப் பார். உருளைக்கிழங்கில் கருகல் நோய் வந்தது 1845இல். 1846இல் தானியமும் பொய்த்தது. பெர்லின் சந்தையில் உருளைக்கிழங்குக் கடைகளைச் சூறையாடியது 1847 ஏப்ரலில். பாரிஸில் அரசு கவிழ்ந்ததோ 1848 பிப்ரவரியில், விலை இறங்கிய பிறகு. பசி மட்டுமே காரணமென்றால், பசி மிகக் கொடுமையாக இருந்த அயர்லாந்தில் அல்லவா பெரிதாக வெடித்திருக்க வேண்டும்? அங்கே ஜூலையில் ஒரு சிறு கலகத்தோடு அடங்கிவிட்டது.

பணம் போன வழியைப் பிடி. கூலி முழுக்க ரொட்டிக்கே போனால் துணி வாங்க ஆளில்லை. தறி நிற்கும், நெசவாளி வேலை இழப்பான், சரக்கு விற்காத வியாபாரி கடனைக் கட்டமாட்டான், கடன் கொடுத்தவனும் நொடிப்பான். விலை இறங்கினாலும் இது உடனே சரியாகாது. இப்படித்தான் தொழிலாளியின் குறை கடைக்காரர் வீட்டுக்குள்ளும் வந்தது.

அந்தக் கடைக்காரருக்கு ஓட்டு இல்லை. 200 பிராங்க் நேரடி வரி கட்டினால்தான் ஓட்டு. மூன்றரைக் கோடிப் பேர் உள்ள பிரான்சில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேருக்கே அது இருந்தது. அரசியல் கூட்டம் போட முடியாததால் விருந்து என்ற பெயரில் கூடினார்கள். பிப்ரவரி 22 விருந்தை அரசு தடுத்தது. மறுநாள், அரசனைக் காக்க வேண்டிய தேசியக் காவல்படையே "சீர்திருத்தம் வாழ்க" என்று கூவியது. அதில் இருந்தவர்களில் பலர் கடைக்காரர்கள்தான். உன் அத்தியாயத்தின் மையம் இந்த இடம். பிரதமர் கீஸோவை அன்றே விலக்கினார்கள். அத்தோடு தணிந்திருக்கலாம். அன்றிரவு கப்பூசின் சாலையில் படை சுட்டு ஐம்பது பேர்போல இறந்தார்கள். சடலங்களை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். 24ஆம் தேதி அரசர் லூயி பிலிப் முடி துறந்தார்.

திரும்பவும் சொல்கிறேன், மாதத்தைப் பார். வியன்னாவிலும் அப்படியே. மார்ச் 13 அன்று ஆஸ்திரிய அரசின் தலைமை அமைச்சர் மெட்டர்னிக் விலகினார். செப்டம்பரில் நிலப்பிரபுவுக்குச் செய்துவந்த கட்டாய உழைப்பு ஒழிந்ததும் விவசாயிகளில் பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டார்கள். புரட்சி தோற்றதற்கான காரணத்தை அங்கே தேடு.

பத்தாம் வகுப்பிலேயே நீ இதை நன்றாக எழுதினாய். அந்தப் பெண் இப்போது போனை எடுப்பதில்லை. சித்தப்பா மாதிரி பாதியில் விட்டுவிடாதே.

உன் பத்தாம் வகுப்புப் பச்சை நோட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். "ஐந்து காரணங்கள், ஐந்து மதிப்பெண்" என்று சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்தது நான். எது முந்தி, எது பிந்தி, எது எதைத் தூண்டியது என்று ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை. நீ கேட்டபோதும் "பரீட்சைக்கு இது போதும்" என்றேன். அத்தியாயம் திரும்பி வந்ததில் என் பங்குதான் அதிகம், பாப்பா.

ஞாயிறு காலை முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா